அதிரும் சுவர்கள்: அஞ்சத்தான் வேண்டுமா?

அஹமதாபாத் சென்றவர்கள் காலுப்பூர் ரயில் நிலையத்திற்கு அருகே சீதி பஷீர் பள்ளிவாசலின் இரட்டை மினாராக்களைக் கண்டிருப்பீர்கள். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பள்ளியின் பிற பகுதிகள் அழிந்துவிட, மினாராக்களும் இடையேயுள்ள வாயிலுமே எஞ்சியுள்ளன. 'ஆடும் மினாராக்கள்' என்பது அவற்றின் பெயர். ஒன்றை உச்சியில் நின்று அசைத்தால், சற்று நேரத்தில் மற்றதும் ஆடத் தொடங்கும். 2001ஆம் ஆண்டின் குஜராத் பூகம்பத்திற்குப் பின்னரும் அவை நிலைத்து நிற்கின்றன.

ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது ஆடும் தாளம் அறிந்து தள்ளினால், சிறு குழந்தையின் கையே போதும். தாளம் தப்பினால் பலசாலி தள்ளியும் பயனில்லை. கட்டடங்களுக்கும் அவ்வாறே சொந்தத் தாளம் உண்டு. இரு மினாராக்களும் ஒரே அமைப்பில் எழுந்தவை. ஆதலால் ஒன்றின் அசைவை மற்றது ஏற்றுக்கொள்கிறது.

இனி நம் வீட்டிற்கு வருவோம். ஊரோரக் கல்குவாரியில் வெடி வைக்கிறார்கள். அலமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கிறது. சுவரில் விரிசலைக் கண்டதும் பழி குவாரியின் மேல் விழுகிறது. குவாரிக்காரரோ, "அது பழைய விரிசல்" என்று கைவிரிக்கிறார். யார் சொல்வது உண்மை?

நம் உடலை வைத்து இதனைத் தீர்மானிக்க இயலாது. நிலம் நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் வேகத்தில் அசைந்தாலே வீட்டில் இருப்போர் உணர்ந்துவிடக் கூடும். சுவரைப் பிளக்கும் வேகமோ அதனினும் பன்மடங்கு. எனவே அச்சம் வேறு, சேதம் வேறு. ஜியோஃபோன் என்னும் கருவி இவ்வேகத்தை அளக்கிறது. அதனுள் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும்; நிலம் அசைய, சுருளில் மின்சாரம் பிறக்கும். மேல் கீழ், முன் பின், பக்கவாட்டு என மூன்று திசைகளிலும் அது பதிவு செய்யும்.

சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இல் வெளியிட்ட சுற்றறிக்கை, பிறர் வீடுகளுக்கு வரம்பு விதித்தது. நொடிக்கு 8 முறைக்கும் குறைவான அதிர்வெனில் 5 மில்லிமீட்டர். 8 முதல் 25 வரை 10. அதற்கு மேல் 15. பழம்பெரும் சின்னங்களுக்கோ, மெதுவான அதிர்வில் 2 மில்லிமீட்டர் மட்டுமே! மெதுவான அதிர்வுக்கு ஏன் இத்துணைக் கண்டிப்பு? சிறு வீடுகளின் சொந்தத் தாளம் பெரும்பாலும் நொடிக்கு 4 முதல் 12 முறை வரை. ஊஞ்சலைத் தாளத்தோடு தள்ளிய கதைதான்.

விரிசலுக்கு வேறு காரணங்களும் உண்டு: வெயில், சிமெண்ட் பூச்சு சுருங்குதல், மழையில் உப்பிக் கோடையில் வறளும் களிமண். ஆகவே நம் மஹல்லாவின் அருகே வெடியோ கட்டுமானமோ தொடங்குமுன், வீட்டையும் பள்ளிவாசலையும் விரிசல் விரிசலாகப் படம் எடுத்து, தேதியிட்டு, இரு தரப்பாரும் கையொப்பமிடுங்கள். ஐயமுள்ள விரிசலின் குறுக்கே மெல்லிய ஜிப்சம் பட்டை பூசி, நாளையும் எழுதி வையுங்கள். பட்டை வெடித்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

குவாரியினர் அளவீட்டு அறிக்கை காட்டினால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கருவி வைத்த இடம் உங்கள் வீட்டு அடித்தளத்தை ஒட்டிய நிலமா, அன்றைய வெடிமருந்தின் அளவு வழக்கமானதா என்றும் கேளுங்கள்.