எஞ்சினின் நாடி

வடக்கே ஸ்ரீநகரையும் தெற்கே கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இடையில் நாகபுரியையும் நாமக்கல்லையும் தொட்டுச் செல்கிறது. வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தச் சாலையே ஊரோடு உள்ள உறவு. அதுவே பிழைப்பும் ஆகும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களிலிருந்து லாரித் தொழிலை நம்பிப் புறப்பட்டு வந்து நிலைத்த இல்லங்களில், சொந்த வீடு இல்லாதவர் உண்டு. ஆனால் ஒரு பழைய லாரியைக் கண்ணின் மணிபோலக் காத்து வருபவர் பலர். அத்தகைய இல்லங்களை மனத்திற் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. எஞ்சினின் பக்கவாட்டில் திருகப்பட்டு, ஒற்றை வயரைத் தலையில் தாங்கி, எண்ணெய்க் கறை படிந்து கிடக்கும் கட்டைவிரல் பருமனுள்ள கருவி அது. எண்ணெய் அழுத்த உணர்கருவி என்று நூல்களிலும், ஆயில் பிரஷர் சுவிட்ச் என்று பட்டறைகளிலும் வழங்குவர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இதனை மாற்றுவது அரைமணி நேர வேலை. ஆயினும், இதனை எப்போது மாற்றவேண்டும், எப்போது மாற்றிப் பயனில்லை என்பதை அறியாமல் எஞ்சினையே இழந்தவர் உண்டு.

நமக்கு நெருங்கிய ஒரு குடும்பத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். கணவர் வண்டி ஓட்டுபவர், மனைவி கணக்கெழுதுபவர். ஒரு லாரி, அதன்மேல் ஒரு கடன், பள்ளியில் இரு பிள்ளைகள். நாகபுரியிலிருந்து ஐதராபாத்துக்குச் சரக்கேற்றிச் சென்றபோது, அதிலாபாத்தைத் தாண்டியதும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. வேகமெடுத்தால் அணையும், வண்டி நின்றால் ஒளிரும். "அண்ணா, ஆயில் லைட் எரியுதுங்க" என்றான் கிளீனர். "சுவிட்ச் போயிருக்கும், ஊர் போய் மாத்திக்கலாம்" என்றார் அவர். தேநீருக்கு நின்ற இடத்தில் யாரோ சொன்ன யோசனைப்படி வயரைக் கழற்றிவிட்டார். விளக்கு அணைந்தது, மனமும் அமைதி பெற்றது. நிர்மலை நெருங்குமுன் எஞ்சினுக்குள் தட்டும் ஓசை எழுந்தது. வண்டியை ஓரங்கட்டுவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

பட்டறையில் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தபோது பேரிங்குகள் உருகித் தேய்ந்திருந்தன, கிராங்க்ஷாஃப்ட் கீறுண்டிருந்தது. சுவிட்ச் மட்டும் நல்ல நிலையில் இருந்தது. அது மெய்யையே சொல்லியிருக்கிறது, கேட்பார்தாம் இல்லை. எஞ்சினைச் சீர்செய்யும் செலவோடு, வண்டி ஓடாத நாட்களின் கடன் தவணையும் சேர்ந்தது. பள்ளிக் கட்டணத்துக்காக வீட்டுக்காரியின் கைவளைகள் அடகுக்குப் போயின.

ஆகவே, கருவியை மாற்றும் முறையைச் சொல்லுமுன் அது என்ன சொல்கிறது என்பதைச் சொல்லவேண்டியவர்களாகிறோம்.

எஞ்சினின் அடியில் உள்ள சம்ப்பிலிருந்து ஆயில் பம்ப் எண்ணெயை உறிஞ்சி, பில்டரின் வழியே ஒரு முதன்மைக் குழாய்வழிக்குச் செலுத்துகிறது. அங்கிருந்து கிளைவழிகளாகப் பிரிந்து, கிராங்க்ஷாஃப்டின் பேரிங்குகளுக்கும், கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகளுக்கும், கேம்ஷாஃப்டுக்கும், மேலே ராக்கர்களுக்கும் எண்ணெய் செல்கிறது. சுழலும் இரும்பும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே தலைமயிரினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கிறது. அப்படலம் அறாமல் எண்ணெயை ஊட்டுவதே அழுத்தத்தின் பணி. மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பது போல, அந்த முதன்மை வழியில் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் நம் சிறு கருவி.

இக்கருவி இரு வகைப்படும். முதலாவது, விளக்கை மட்டும் ஏற்றி அணைக்கும் சுவிட்ச். இதனுள்ளே ஒரு மெல்லிய தகடும் ஒரு சுருள்வில்லும் உண்டு. அழுத்தம் இல்லாதபோது வில் மின்தொடர்பை இணைத்து வைக்கிறது, விளக்கு எரிகிறது. அழுத்தம் ஏறியதும் தகடு தள்ளப்பட்டுத் தொடர்பு விலகுகிறது, விளக்கு அணைகிறது. பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அளவிலேயே இது நிகழும். எனவே ஓடும் வண்டியில் இந்த விளக்கு எரிவது முதல் எச்சரிக்கை அன்று. ஏறக்குறையக் கடைசி எச்சரிக்கை. இரண்டாவது வகை, மீட்டரின் முள்ளை நகர்த்தும் அனுப்புக் கருவி. அழுத்தத்துக்கு ஏற்ப இதன் மின்தடை மாறும். ஐரோப்பிய முறையில் சுமார் 10 ஓம் முதல் 180 ஓம் வரையும், அமெரிக்க முறையில் 240 ஓம் முதல் 33 ஓம் வரையும் மாறுவன உண்டு. ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருத்தினால் முள் பொய் காட்டும். இரு பணியையும் ஒருங்கே செய்யும் கருவிகளில் இரண்டு முனைகள் இருக்கும். 'ஜி' என்று பொறித்தது மீட்டருக்கு, 'டபிள்யூ. கே.' என்று பொறித்தது விளக்குக்கு.

இவ்விரண்டுக்கும் முந்திய முறையும் ஒன்று உண்டு. 1849-இல் பிரான்சு நாட்டு யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற வளைகுழாய் அழுத்தமானி அது. எஞ்சினிலிருந்து மெல்லிய செம்புக் குழாயில் எண்ணெயே டாஷ்போர்டு வரை சென்று முள்ளை நகர்த்தும். மிகப் பழைய வண்டிகளில் இதனைக் காணலாம். மின்சாரம் வேண்டாத இம்முறையில் பொய் குறைவு. ஆனால் குழாய் அதிர்ந்து விரிசல் கண்டால் சூடான எண்ணெய் ஓட்டுநரின் காலருகே பீறிடும்.

நம் நாட்டுப் பழைய லாரிகளின் எஞ்சின்கள் பெரும்பாலும் இரு மரபில் வந்தவை. 1948-இல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதன் தொடக்க கால எஞ்சின்கள் ஆங்கில மரபின. டாட்டா நிறுவனம் 1954-இல் ஜெர்மானிய டெய்ம்லர்-பென்சு நிறுவனத்தோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. அக்கூட்டு 1969-இல் முடிவுற்றது. மரபு வேறாகும்போது மரையும் வேறாகலாம்: ஒன்றில் அங்குல மரை, மற்றொன்றில் மில்லிமீட்டர் மரை. கடைக்குச் செல்லும்போது பழைய கருவியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேதான்.

இனி, சோதிக்கும் முறை. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். சிவப்பு விளக்கு எரியவேண்டும். எரியாவிடில் சுவிட்சின் வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சினின் வெறும் இரும்பில் தொடுங்கள். இப்போது விளக்கு எரிந்தால் சுவிட்ச் கெட்டது. எரியாவிடில் பல்பிலோ, பியூசிலோ, வயரிலோ குற்றம். எரியாத விளக்கைப் பலர் நல்ல அறிகுறி என்று எண்ணுகின்றனர். எண்ணெய் முற்றும் வடிந்தாலும் அவ்விளக்கு வாய் திறவாது என்பதை அவர்கள் உணரவேண்டும்.

எஞ்சின் ஓடும்போது விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்தி எண்ணெய் அளவைப் பாருங்கள். சில நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மீண்டும் இட்டுப் பார்க்கவேண்டும். அளவு குறைந்திருந்தால் நிரப்பலாம். அளவு ஏறியிருந்து டீசல் வாடை வீசினால், டீசல் கலந்து எண்ணெய் நீர்த்துவிட்டது என்று பொருள்; அதற்கு மேல் ஓட்டலாகாது. அளவும் தன்மையும் சரியாக இருப்பின், சாவியைத் திருப்பிவைத்து வயரைக் கழற்றுங்கள். கழற்றியும் விளக்கு எரிந்தால், வயர் எங்கோ உராய்ந்து இரும்பைத் தொடுகிறது. கழற்றியதும் அணைந்தால், ஒன்று சுவிட்ச் பழுது. அன்றி, உண்மையிலேயே அழுத்தம் இல்லை. இவ்விரண்டில் எது என்பதை வயர் சொல்லாது. மேலே கூறிய அன்பர் தவறியது இவ்விடத்தில்தான்.

அதனைச் சொல்வது கை அழுத்தமானி ஒன்றே. சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் பொருத்தமான இணைப்பைத் திருகி, அழுத்தமானியை மாட்டி எஞ்சினை இயக்கவேண்டும். முள் ஏறாவிடில் சில நொடிகளிலேயே நிறுத்திவிடுக. ஏறினால், எஞ்சின் நன்கு சூடேறும்வரை ஓடவிட்டு மீண்டும் அளக்கவேண்டும்; குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த எஞ்சினிலும் நல்ல அழுத்தம் காட்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் உண்டு. பொதுவாகப் பழைய டீசல் எஞ்சின்களில், சூடான நிலையில், ஓடும் வேகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 5 கிலோ வரையும், மெதுவோட்டத்தில் சுமார் ஒரு கிலோவும் இருக்கும். அளவு மிகக் குறைந்தால் புதிய சுவிட்ச் வாங்கிப் பயனில்லை. பம்ப்பையும் பேரிங்கையும் பார்க்கவேண்டும். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்ததாயின், குற்றம் சுவிட்சினுடையது; மாற்றலாம்.

மாற்றும் முறை வருமாறு. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சின் ஆறட்டும், பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள். கருவியைச் சுற்றியுள்ள அழுக்கைத் துணியால் நன்கு துடைத்தெடுங்கள். துளையினுள் விழும் மணல் நேரே பேரிங்குக்குச் செல்லும். வயரை எடுத்தபின், அளவான ஸ்பானரையோ ஆழமான சாக்கெட்டையோ கொண்டு மெல்லத் திருகுங்கள். குழாய் ரெஞ்சினால் உடலைப் பற்றி முறுக்கினால் கருவி பாதியில் முறிந்து துளையிலேயே தங்கிவிடும். சிறிது எண்ணெய் வடியும். கீழே ஒரு தட்டு இருக்கட்டும்.

புதியதையும் பழையதையும் அருகருகே பிடித்து மரையின் விட்டத்தையும், இழைகளின் நெருக்கத்தையும், நீளத்தையும் ஒப்பிடுங்கள். நேர் மரையாயின் புதிய செம்பு வாஷர் இடவேண்டும். நுனி ஒடுங்கிய மரையாயின் வாஷர் வேண்டாம். மரையில் டெப்லான் டேப் சுற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதன் துணுக்குகள் எண்ணெய் வழியில் சென்று அடைத்துக்கொள்ளக்கூடும். மேலும், ஒற்றை வயர்க் கருவிக்கு எஞ்சின் உடலே மற்றொரு வயர் ஆதலால், டேப் அத்தொடர்பைத் துண்டிக்கவும் கூடும். முதல் சில சுற்றுகளைக் கைவிரலாலேயே திருகுங்கள்; விரலுக்கு இணங்காத மரையை ஸ்பானரால் வற்புறுத்தலாகாது. பின் அளவோடு இறுக்குங்கள். பித்தளையும் வார்ப்பிரும்பும் மிகை வலிமையைப் பொறுப்பதில்லை.

வயரை மாட்டி, பாட்டரியை இணைத்து, சாவியைத் திருப்புங்கள்: விளக்கு எரியவேண்டும். எஞ்சினை இயக்குங்கள்: சில நொடிகளில் அணையவேண்டும். கருவியின் அடியில் கசிவு உண்டா என்று பாருங்கள். சிறிது தூரம் ஓடித் திரும்பியபின் மறுமுறையும் பார்த்து, எண்ணெய் அளவைச் சரிசெய்யுங்கள். புதிய கருவி இட்டபின்னும் விளக்கு எரிந்தால், கடைக்காரரை நோவாதீர்கள், விளக்கை நம்புங்கள்.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்பட்டுவரும் பி. எஸ். 6 வண்டிகளில் எஞ்சினைக் கணிப்பொறி கண்காணிக்கிறது. நம்மவர் கையிலுள்ள பழைய எஞ்சின்களுக்கோ அத்தகைய காவலன் இல்லை. அங்கே விளக்கு அறிவிக்கும், நிறுத்தவேண்டியவர் ஓட்டுநரே.

முன்னே சொன்ன குடும்பத்தின் கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. எஞ்சின் சீராகி, வளைகளும் மீண்டு, சில காலம் சென்றபின் அதே வண்டியில் மீண்டும் அவ்விளக்கு எரிந்தது. கணவர் தொலைபேசியில் தெரிவித்தார். "ஏனுங்க, அளந்து பார்த்தீங்களா?" என்பதே அம்மையாரின் முதற் கேள்வி. இம்முறை வண்டியிலேயே அழுத்தமானி இருந்தது. சூடான எஞ்சினில் 4 கிலோ காட்டிற்று. சுவிட்சின் தலையில் எண்ணெய் கசிந்திருந்தது. உள்ளிருந்த தகடு கிழிந்துவிட்டது. அரைமணியில் புதியது ஏறியது. மறுநாள் சரக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

வண்டிக்கு ஒன்றாக அழுத்தமானி வாங்க இயலாதவர், ஓரூரில் உள்ள நான்கைந்து பேர் சேர்ந்து, உரிய இணைப்புகளோடு ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். ஓட்டுபவர் தொலைவில் இருக்கும்போது, இல்லத்தில் இருப்போரும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகவேண்டும். அளந்தபின் மாற்றுவது சிக்கனம். அளக்காமல் வயரைக் கழற்றுவது, நோயாளியின் வாயைப் பொத்திவிட்டு நோய் தீர்ந்தது என்பதற்கு ஒப்பாகும். நம்மவர் வண்டிகள் யாவும் நலமே சென்று நலமே திரும்புக என வாழ்த்துகிறோம்.