இருதயத் தசை தடித்தவர்களுக்கு ஆபத்து எவ்வளவு?

"நல்லாத்தான் இருந்தான்; திடீர்னு விழுந்தான், போயிட்டான்." இளவயதில் நேரும் இத்தகைய சாவுகளையெல்லாம் மாரடைப்புக் கணக்கில் சேர்த்துவிடுவது நம் வழக்கம். ஆனால், இரத்தக் குழாய் எதுவும் அடைபடாமல், இருதயத்தின் தசைச் சுவர் மட்டும் தடித்துப்போகும் வியாதி ஒன்று உண்டு. லண்டன் டாக்டர் டொனால்டு டியர் 1958-ல் இதை விவரித்தார். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. தடித்த தசையில் மின்னோட்டம் தாறுமாறானால் இருதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். சில நிமிடங்களில் உயிர் பிரிந்துவிடும்.

இதைப் படித்துப் பீதியடைய வேண்டியதில்லை. இவ்வியாதி உள்ளவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய், பிள்ளை குட்டிகளோடு நெடுநாள் வாழ்கிறார்கள். ஆபத்து சிலருக்கே. அவர்கள் யார் என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல்.

ஏழு விவரங்கள்

ஐரோப்பிய நிபுணர்கள் 3,675 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2014-ல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டனர். வயது ஒன்று. தசைச் சுவரின் கனம், இடது மேலறையின் அளவு, இரத்தம் வெளியேறும் வழியில் உள்ள தடை ஆகிய மூன்றையும் எக்கோ பரிசோதனை காட்டிவிடும். சுவர் 15 மில்லிமீட்டர் தடித்திருந்தால் வியாதி என்று சந்தேகிக்கிறார்கள். 30-ஐ எட்டினால் அதுவே பெரிய அபாய அறிகுறி. இருதயம் இடையிடையே தறிகெட்டு ஓடுகிறதா என்பதை, நாள் முழுவதும் உடம்பில் மாட்டியிருக்கும் ஹோல்டர் கருவி பதிவு செய்யும்.

மீதி இரண்டையும் எந்தக் கருவியும் சொல்லாது. காரணம் தெரியாமல் மயங்கி விழுந்ததுண்டா? பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாராவது 40 வயதுக்குள் திடீரென்று இறந்ததுண்டா?

வெளியூரில் பிழைப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். லாரி டிரைவரும், சாரத்தில் ஏறி வேலை செய்பவரும் வேலை போய்விடுமே என்று மயக்கத்தை மறைப்பதுண்டு. குடும்பத்துச் சாவுகளோ ஊரில் வேறு பெயரில் வழங்குகின்றன. "அண்ணனைக் காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்பார்கள். "கிணத்துல விழுந்துட்டான்" என்பார்கள். நீச்சல் தெரிந்தவன் ஏன் மூழ்கினான் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டாக்டரிடம் போகுமுன் தாயாருக்கு ஒரு போன் போட்டு, இறந்தவருக்கு என்ன வயது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், முன்னால் மயங்கியதுண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆறு சதவீதம் என்றால்?

ஏழு விவரங்களையும் சேர்த்து, அடுத்த 5 ஆண்டில் திடீர் மரணத்துக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கணக்கிடுகிறார்கள். 4-க்குக் குறைவானால் பொதுவாகக் கருவி தேவையில்லை. 6 அல்லது அதற்கு மேலானால், மின் அதிர்ச்சி கொடுத்து இருதயத்தைச் சீராக்கும் கருவியை உடலில் பொருத்த யோசனை கூறுவார்கள். இடைப்பட்டவர்கள் டாக்டருடன் கலந்து முடிவு செய்ய வேண்டும்.

6 சதவீதம் என்றால் 100 பேரில் 94 பேருக்கு அந்த 5 ஆண்டில் ஒன்றும் நேராது என்றும் பொருள். மிஷல் மிரோவ்ஸ்கி உருவாக்கி 1980-ல் அமெரிக்காவில் முதன்முதலாக மனித உடலில் பொருத்தப்பட்ட இக்கருவி உயிர் காப்பதுதான். ஆனாலும் செலவு லட்சக்கணக்கில் ஆகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரிக்காக மாற்ற வேண்டும். சில சமயம் தேவையில்லாமலும் அதிர்ச்சி கொடுத்துவிடும். மாத்திரைகள் மூச்சிரைப்பைக் குறைக்கும். கருவிக்கு அவை ஈடாகா.

இது பரம்பரை வியாதி. நோயாளியின் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் அந்த மரபணு வர சரிபாதி வாய்ப்பு உண்டு. ஒருவருக்கு வியாதி தெரிந்துவிட்டால், ஊரிலுள்ள பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை ஒன்றுமில்லை என்று வந்தாலும், வளரும் பிள்ளைகளுக்குச் சில ஆண்டு இடைவெளியில் மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்கள்.