பள்ளிக்கு வரும் இயன்முறை மருத்துவம்

நுழையும்முன்

நோயுற்றவர் மருத்துவரை நாடிச் செல்வது உலக வழக்கம். மருத்துவரே பள்ளியை நாடி வரும் துறையும் ஒன்று உண்டு. அங்கு வருபவர் கையில் ஊசியும் இராது, மருந்தும் இராது. மாணவர் அமரும் இருக்கையையும் ஏறும் படியையும் எழுதும் கையையும் அவர் கூர்ந்து நோக்குகிறார். உடல் இயக்கத்தில் இடர்ப்படும் மாணவர் பிறரோடு சேர்ந்து கற்பதற்கு அவர் ஆற்றும் பணியை இப்பாடம் விளக்குகிறது.

இயன்முறை மருத்துவம்

உடற்பயிற்சி, வெப்பம், நீர், மின்னோட்டம் முதலியவற்றின் துணையால் உடலின் இயக்கத்தைக் காத்தும் மீட்டும் தரும் துறையே இயன்முறை மருத்துவம். மக்கள் வழக்கில் இது 'பிசியோதெரபி' எனப்படுகிறது. 1894ஆம் ஆண்டு இலண்டன் நகரில் செவிலியர் நால்வர் இத்தொழிலுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். பின்னர் நிகழ்ந்த உலகப் போர்களும் இளம்பிள்ளைவாத நோயும் இத்துறையின் தேவையைப் பெருக்கின.

இந்தியா இளம்பிள்ளைவாதம் அற்ற நாடு என்னும் சான்றிதழை 2014ஆம் ஆண்டு மார்ச் திங்களில் பெற்றது. எனினும் மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு நோய், முதுகுத்தண்டுப் பிளவு, விபத்துக் காயம் முதலியவற்றால் இயக்கத்தில் இடர்ப்படும் மாணவர் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுக்கு இயன்முறை மருத்துவரின் துணை இன்றும் தேவைப்படுகிறது.

வளரும் உடலின் தேவை

மூளை முடக்குவாதம் என்பது வளரும் மூளைக்குப் பிறப்பிற்கு முன்போ பிறக்கும்போதோ பிறந்த சில காலத்திலோ ஏற்படும் பாதிப்பின் விளைவாகும். மூளையின் பாதிப்பு அதன்பின் மிகுவதில்லை. ஆனால், உடல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. எலும்பு நீளும் வேகத்திற்கு இறுகிய தசை நீள்வதில்லை. ஆறு வயதில் ஓரளவு எளிதாக நடந்த குழந்தை, பன்னிரண்டு வயதில் குதிகாலைத் தரையில் ஊன்ற இயலாமல் தடுமாறக்கூடும். தசையை நாள்தோறும் நீட்டிப் பழக்குவது இந்நிலையைத் தடுக்கவும் தள்ளிப்போடவும் உதவும். பள்ளிப் பருவம் முழுவதும் பயிற்சி வேண்டப்படுவதன் காரணம் இதுவே.

தசைச்சிதைவு நோயின் இயல்பு வேறு. இதில் தசைகள் படிப்படியாக வலுவிழக்கின்றன. கடும் பயிற்சி அத்தசைகளுக்குத் தீங்கு விளைவிக்கும். எஞ்சியுள்ள வலுவைச் சிக்கனமாகச் செலவிடக் கற்பிப்பதே இங்கு மருத்துவரின் நோக்கம். நடந்து களைத்து வகுப்பில் எழுத இயலாமல் சோரும் மாணவனுக்குச் சக்கர நாற்காலி தோல்வியின் அடையாளம் ஆகாது. நடையில் மிச்சமாகும் வலு எழுத்திற்கும் பேச்சிற்கும் பயன்படும்.

வினா மாறுகிறது

மருத்துவமனையில், 'முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது?' என்பது முதன்மை வினாவாக இருக்கலாம். பள்ளியிலோ, 'இம்மாணவர் பாடம் தொடங்குமுன் வகுப்பை அடைகிறாரா?' என்னும் வினாவே முன்நிற்கிறது.

ஊன்றுகோல்களின் துணையோடு நடக்கும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவளுடைய ஆய்வகம் முதல் தளத்தில் உள்ளது. கழிவறைக்குச் செல்லும் வழியில் இரண்டு படிகள் உள்ளன. பற்றிக்கொள்ளக் கைப்பிடி இல்லை. விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால், காலை முதல் மாலை வரை அவள் தண்ணீர் அருந்துவதையே தவிர்க்கிறாள். பிற்பகலில் தலைவலியும் சோர்வும் வருகின்றன. 'படிப்பில் கவனம் இல்லை' என்று பிறர் கருதுகின்றனர்.

இயன்முறை மருத்துவர் அவளுடன் ஒருநாள் முழுவதும் பள்ளியைச் சுற்றி வருகிறார். எங்கே நிற்கிறாள், எதைத் தவிர்க்கிறாள், எப்போது களைக்கிறாள் என்று குறித்துக்கொள்கிறார். பின்பு தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், பெற்றோர், சிறப்புப் பயிற்றுநர் ஆகியோருடன் கலந்து பேசுகிறார். கழிவறை வழியில் கைப்பிடி பொருத்தப்படுகிறது. அவள் வகுப்பிற்கான செய்முறைகள் தரைத்தளத்திற்கு மாற்றப்படுகின்றன. படி ஏறி இறங்கும் முறையும் அவளுக்குக் கற்பிக்கப்படுகிறது.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. பாடவேளையில் அழைத்துச் சென்று பயிற்சி அளித்தால் பாடம் தவறும். பயிற்சியைக் கைவிட்டால் உடல் இறுகும். எனவே, பயிற்சியில் இயன்ற பகுதியை அன்றாடச் செயல்களோடு இணைக்கிறார் மருத்துவர். இருக்கையிலிருந்து கைத்துணையின்றி எழுதலும், கரும்பலகை வரை நடந்து திரும்பலும், இடைவேளையில் சுவரோரம் நின்று கணுக்காலை நீட்டலும் பயிற்சிகளே ஆகின்றன.

இருக்கையும் சாய்தளமும்

எழுதுவது கையின் செயல் என்று எண்ணுகிறோம். ஆயினும், அதற்கு அடித்தளம் பாதத்தில் உள்ளது. உயரமான இருக்கையில் கால்கள் தொங்கினால் உடல் நிலைகொள்ளாது. ஒரு கை இருக்கையைப் பற்றிக்கொள்ள, மற்றொரு கை மட்டுமே தாளையும் எழுதுகோலையும் கையாள நேரும். பாதங்கள் சமமாகப் பதிய ஒரு மரப்பலகையும், முழங்கை உயரத்தில் ஒரு மேசையும் அமைந்தால் இரு கைகளும் விடுதலை பெறுகின்றன. தச்சரிடம் சில மணி நேரத்தில் செய்து பெறக்கூடிய பலகை, ஒருவரின் கையெழுத்தையே மாற்றவல்லது.

சாய்தளத்திற்கும் கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்தை அடையப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இடமில்லை என்று நீளத்தைக் குறைத்தால் சரிவு செங்குத்தாகும். சக்கர நாற்காலி பின்னோக்கி உருளும். அத்தகைய சாய்தளம் கட்டடத்தில் இருந்தும் மாணவருக்கு இல்லாததே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

ஆண்டுதோறும் செப்டம்பர் 8ஆம் நாள் உலக இயன்முறை மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. இத்துறையின் உலகக் கூட்டமைப்பு 1951ஆம் ஆண்டு இந்நாளில் தொடங்கப்பட்டது. மேல்நிலை வகுப்பில் உயிரியல் பயின்றோர் இயன்முறை மருத்துவத்தில் இளநிலைப் பட்டப்படிப்பில் சேரலாம். திருச்சிராப்பள்ளியில் இதற்கென அரசுக் கல்லூரி உள்ளது.

சட்டம் தரும் உரிமை

மாற்றுத்திறனாளி மாணவருக்குச் செய்யப்படும் இவ்வுதவிகள் இரக்கத்தால் வழங்கப்படும் கொடைகள் அல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வியை உறுதிசெய்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாதிப்புடையோர்க்கு அவ்வுரிமையை 18 வயது வரை நீட்டித்தது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் உள்ளடக்கிய கல்விப் பிரிவு, வட்டார வள மையங்களின் வழியாக இயன்முறைப் பயிற்சியை வழங்குகிறது. பள்ளிக்கு வர இயலாத அளவு பாதிப்புடைய குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி தரப்படுகிறது.

உடன் பயில்வோரின் பங்கு

ஓர் இயன்முறை மருத்துவர் பல பள்ளிகளுக்குச் செல்ல வேண்டியவர். ஆகவே, ஒரு மாணவருடன் அவர் செலவிடும் நேரம் சிறிது. வகுப்புத் தோழர்கள் செலவிடும் நேரம் பெரிது. அவர் வராத நாள்களில் அவர் கற்பித்தவை நிலைப்பதும் மறைவதும் வகுப்பறையைப் பொறுத்தவை.

உதவி செய்வதிலும் அறிவு வேண்டும். கேளாமலே தூக்கிச் செல்வதும், பின்னிருந்து நாற்காலியைத் தள்ளுவதும் அன்பின் பாற்பட்டவையே. எனினும், அவை தானே செய்யும் வாய்ப்பைப் பறித்துவிடுகின்றன. 'உதவி வேண்டுமா?' என்று கேட்பதும், கூறும் விடையை மதிப்பதும் முறையாகும். தோழியின் புத்தகப்பையைச் சுமந்துகொண்டு, அவள் கைப்பிடியைப் பற்றிப் படியேறும் வரை உடன் நிற்கலாம். அதற்குச் சில நிமிடங்கள் மிகுதியாகத் தேவைப்படும். அந்நிமிடங்களை ஒரு வகுப்பு மனமுவந்து அளிக்குமாயின், அவளது நாள்தோறும் நடக்கும் நடையே அவளுக்குரிய பயிற்சியாகிவிடும்.