தீவுப் பிள்ளைகள் கேட்கும் தண்ணீர்ப் பூங்கா

ஊர் லீவுக்குச் சென்னை போகும் அந்தமான் தமிழர்களிடம் பிள்ளைகள் கேட்பவற்றில் புதிதாக ஓர் இடம் சேர்ந்திருக்கிறது. திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட 'வொண்டர்லா' பூங்காதான் அது.

கொச்சியில் 2000-ல் தொழில் தொடங்கிய இந்நிறுவனம், சென்னைக்கும் வருவதாகச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆயின. உள்ளாட்சி வரிப் பிரச்னையால் வேலை தள்ளிப்போயிற்று. காத்திருந்தவர்களின் ஆவலை விளம்பரங்கள் வளர்த்தன. தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி பாயும் வண்டிக்குத் தஞ்சையை நினைவூட்டும் 'தஞ்சோரா' என்ற பெயர்!

கோடையில் தனிக்காரி அணை வற்றினால் குழாய்த் தண்ணீருக்கு முறை வைக்கும் ஊர் ஸ்ரீ விஜயபுரம். சுற்றிலும் கடல் இருந்தும், நல்ல தண்ணீரில் நாளெல்லாம் ஆடுவது இங்குள்ள பிள்ளைகளுக்கு அதிசயமே.

ஆனால் பெற்றோர் கணக்கும் பார்க்க வேண்டும். திறப்பின்போது கட்டணம் '1,489 ரூபாயில் ஆரம்பம்' என்றார்கள். அந்த 'ஆரம்ப'மே நால்வருக்கு 5,956 ரூபாய். சாப்பாடும் பஸ் செலவும் தனி. குமாஸ்தா குடும்பத்துக்கு இது தீபாவளி ஜவுளிப் பணம். விடுமுறை நாளில் கட்டணம் கூடலாம். எனவே போகும் தேதிக்கு என்ன கட்டணம் என்று விசாரித்தபின் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுப்பது நல்லது.