வேலை, கல்லூரி, சொந்த விளையாட்டுத் தளம்

பகலில் வேலை, மாலையில் வகுப்பு, மிஞ்சிய நேரத்தில் சொந்தமாக ஒரு விளையாட்டு இணையதளம் என மூன்றையும் ஒருவரே நடத்துவது இணையத்தின் தொடக்க காலம் முதல் இருந்துவரும் வழக்கம். இன்று உலகறிந்த சில விளையாட்டுத் தளங்கள், மாணவர்கள் இவ்வாறு ஓய்வு நேரத்தில் தொடங்கியவையே. ஓரிரு பருவங்களில் ஓய்ந்துபோன தளங்களும் ஏராளம். நேரமில்லாததால் நின்றுவிட்டன என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். வாரத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்பதைவிட, அது எப்போது மிஞ்சுகிறது என்பதே பெரிய சிக்கல்.

வேலை நேரத்தை நிறுவனம் வகுக்கிறது. படிப்பு நேரத்தைப் பருவத் தேர்வும் வருகைப்பதிவும் வகுக்கின்றன. தளத்துக்கு மேலதிகாரி இல்லை என்பதால், அதை நினைத்தபோது செய்துகொள்ளலாம் என்று தொடங்குபவர்கள் எண்ணுவதுண்டு. ஆனால் ஆட்டம் எப்போது நடக்கும் என்பது அவர்கள் கையில் இல்லை. வாசகர் தேடி வருவது ஆட்டம் நடக்கும்போதும், அது முடிந்த சற்று நேரத்துக்குள்ளும்தான். ஆகவே நேரடிச் செய்தி தரும் தளம், சம்பளமில்லாத இரண்டாவது வேலையாக மாறிவிடுகிறது. காத்திருக்கக்கூடிய பணி, காத்திருக்காத பணி என்ற இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளப் பழைய தளங்களின் வரலாறு உதவும்.

கிரிக்இன்ஃபோ: இரவைப் பங்கிட்டவர்கள்

கிரிக்இன்ஃபோ 1993 மார்ச்சில் தொடங்கியது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த சைமன் கிங் என்ற ஆங்கிலேயர் அதைத் தொடங்கினார். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருந்த மாணவர்களும் ஆய்வாளர்களும் அவருக்குத் துணைநின்றனர். அமெரிக்கச் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் அன்று கிரிக்கெட்டுக்கு இடமே இல்லை எனலாம். அங்கு மேற்படிப்புக்குச் சென்ற இந்திய, பாகிஸ்தானிய, இலங்கை மாணவர்கள் இணைய அரட்டை அறைகளிலும் செய்திக் குழுக்களிலும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் ஸ்கோர் அறிந்தார்கள்.

அவர்கள் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். வெளிநாட்டு மாணவர், பருவம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அமெரிக்க விசா விதி இடம் தருவதில்லை. கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் பணி பெரும்பாலும் அந்த 20 மணி நேரத்தை நிரப்பிவிடும். அதற்கு மேல் சொந்த வகுப்புகள், தேர்வுகள், ஆய்வேடு.

இவற்றோடு கிரிக்கெட்டின் கடிகாரம் ஒத்துப்போகாது. இந்தியாவில் காலை 9.30 மணிக்குத் தொடங்கும் டெஸ்ட் ஆட்டம், குளிர்காலத்தில் மினசோட்டாவில் முந்தைய நாள் இரவு 10 மணி. அங்கே விடியற்காலை 5 மணிக்குத்தான் அன்றைய ஆட்டம் முடியும். இங்கிலாந்தில் கோடையில் 11 மணிக்குத் தொடங்குவது மினசோட்டாவில் காலை 5 மணி. சிட்னியில் காலை 11 மணி என்பது அங்கே முந்தைய மாலை 6 மணி. கொஞ்சம் வசதியானது சிட்னி மட்டும்தான். 1996 உலகக் கோப்பை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை நாடுகளில் பிப்ரவரி 14 முதல் மார்ச் 17 வரை நடந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அது பருவத்தின் நட்ட நடு.

தனி ஒருவர் இதைத் தாங்கியிருக்க முடியாது. கிரிக்இன்ஃபோ தாங்கியது, வேலையைப் பலர் பிரித்துக்கொண்டதால்தான். ஒரு நாட்டில் இருப்பவர் தூங்கும்போது வேறு நாட்டில் இருப்பவர் பந்துக்குப் பந்து தட்டச்சு செய்தார். அவசரமில்லாத பணியும் இருந்தது. பழைய ஆட்டங்களின் ஸ்கோர் அட்டைகளை ஆர்வலர்கள் தங்களுக்கு வசதியான நேரத்தில் உள்ளிட்டுச் சேர்த்தனர். பின்னாளில் தளத்தின் பெரிய சொத்தாக நின்றது இந்தக் கிடங்குதான் என்பது கவனிக்கத்தக்கது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. தளத்தின் இணை நிறுவனர்களில் ஒருவரான பத்ரி சேஷாத்ரி, சென்னை ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர் கிழக்கு பதிப்பகத்தைத் தொடங்கியவரும் இவரே. 2000இல் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம், கிரிக்இன்ஃபோவின் 25 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றது. தளம் 2003இல் விஸ்டன் குழுமத்துக்கும் 2007இல் இஎஸ்பிஎன் நிறுவனத்துக்கும் கைமாறியது.

காத்திருக்கும் பணியைத் தேர்ந்தவர்கள்

தனியாளுக்கு ஏற்ற வழியை ஷான் ஃபோர்மன் என்ற அமெரிக்கரிடம் காணலாம். அயோவா பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டுக் கணிதத்தில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தபோது, பேஸ்பால் புள்ளிவிவரங்களுக்காக 2000இல் ‘பேஸ்பால் ரெஃபரன்ஸ்’ தளத்தை அவர் தொடங்கினார். ஷான் லாமன் என்ற இதழாளர் இலவசமாக வெளியிட்டுவந்த தரவுத்தளமே அதற்கு அடிப்படை. அந்தத் தரவுத்தளம் ஆண்டுக்கு ஒருமுறை, பருவம் முடிந்த பின் புதுப்பிக்கப்படுவது. 1927இல் பேப் ரூத் அடித்த 60 ஹோம் ரன்கள் இன்றிரவு பதிவானாலும் அடுத்த மாதம் பதிவானாலும் 60தான். தேர்வு வாரத்தில் தளத்தைத் தொடாமல் விட்டாலும் வாசகர் ஏமாறுவதில்லை. ஃபோர்மன் பட்டம் பெற்று, பிலடெல்பியாவின் செயின்ட் ஜோசப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். தளத்தையும் விடவில்லை. 2006இல்தான் ஆசிரியப் பணியை விட்டு முழுநேரமாகத் தளத்துக்கு வந்தார்.

கால்பந்துக்கு ஆர்எஸ்எஸ்எஸ்எஃப். 1994 ஜனவரியில் ஒரு செய்திக் குழுவின் வாசகர்கள் மூவர் தொடங்கிய புள்ளிவிவரக் கிடங்கு இது. படம் இல்லை, அலங்காரம் இல்லை, வெறும் எழுத்து அட்டவணைகள். அந்த எளிமை சோம்பேறித்தனம் போலத் தோன்றும். உண்மையில் பராமரிப்பு வேலையைக் குறைப்பதில் அதற்கு ஈடில்லை.

இங்கே தொடங்குபவருக்கு

சர்வதேச ஆட்டங்களின் நேரடி ஸ்கோரைத் தர இன்று பெரிய நிறுவனங்கள் உள்ளன. பகுதிநேரத் தளம் அவற்றோடு போட்டியிடுவது வீண் என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. மாவட்டக் கபடிப் போட்டிகளின் முடிவுகள், உள்ளூர் கிரிக்கெட் லீகின் பழைய ஸ்கோர் புத்தகங்கள், ஓர் ஊரின் கைப்பந்து அணி வரலாறு போன்றவற்றை யாரும் தொகுத்து வைப்பதில்லை. இவை காத்திருக்கும் பணிகள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஒதுக்கினாலும் ஆண்டு முடிவில் கணிசமாகச் சேரும். நேரடிச் செய்தியே வேண்டுமென்றால், தளத்தின் கடவுச்சொல் அறிந்த இன்னொருவராவது இருக்க வேண்டும். அவருடைய தேர்வு அட்டவணை வேறாக இருப்பது இன்னும் நல்லது.

மூன்றில் எதைத் தள்ளிப்போடலாம் என்பதை ஆடுகளம் சூடாகும் முன்பே முடிவு செய்வது நலம். கல்லூரிகளில் பொதுவாக 75 விழுக்காடு வருகை கேட்கப்படுகிறது. அது குறைந்தால் தேர்வு எழுதவே முடியாமல் போகலாம், ஓராண்டு வீணாகும். தளத்தில் ஒரு வாரம் பதிவு வராவிட்டால் அப்படி எந்த இழப்பும் இல்லை. ‘தேர்வு முடியும்வரை புதிய பதிவுகள் இல்லை’ என்று முகப்பில் ஒரு வரி போட்டால் வாசகர்கள் புரிந்துகொள்வார்கள். அறிவிப்பே இல்லாமல் காணாமற்போகும் தளத்துக்குத்தான் அவர்கள் திரும்பி வருவதில்லை.

மறக்கக் கூடாத ஒன்று, தளப்பெயரின் ஆண்டுப் புதுப்பிப்பு. அந்த நாள் தேர்வு மாதத்தில் விழுந்து, நினைவூட்டல் மின்னஞ்சல் படிக்கப்படாமல் கிடந்தால், பல ஆண்டு உழைப்பின் முகவரி வேறொருவர் கைக்குப் போய்விடும். தானியங்கிப் புதுப்பிப்பு வசதியை இயக்கி வைப்பதோடு, தரவின் நகலைத் தளத்துக்கு வெளியேயும் வைத்திருக்க வேண்டும்.

வேலை செய்யும் இடத்தின் விதிகளையும் பார்த்தாக வேண்டும். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1964), அவ்வப்போது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிகளுக்கு முன் அனுமதி கேட்பதில்லை. வணிகம் நடத்த அனுமதி தேவை. விளம்பர வருவாய் வரத் தொடங்கும்போது தளம் இவற்றில் எந்தப் பக்கம் சேரும் என்ற கேள்வி எழும். தனியார் நிறுவனங்களின் பணி ஒப்பந்தங்களிலும் பக்கத் தொழில் பற்றிய பிரிவு இருப்பதுண்டு. சேருமுன் அதைப் படிப்பவர் குறைவு. அலுவலகக் கணினியில் தளத்தைப் புதுப்பிப்பது, வருவாய் இல்லாவிட்டாலும் தவிர்க்க வேண்டியது. அங்கு எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.