தூண்டில் நரம்பும் ஈயக் குண்டும்

தூண்டில் முள்ளில் இரையைக் கோத்து நீரில் விட்ட மாத்திரத்தில் அது மீன் மேயும் ஆழத்துக்குப் போய்விடுவதில்லை. நைலான் நரம்பு நீரைவிடச் சற்றே அடர்த்தி கூடியது என்பதாலும், ஓடும் நீர் அதைத் தன் போக்கில் இழுத்துச் செல்வதாலும், ஒரு புழுவோ மாவுருண்டையோ தானாக இறங்குவதற்குள் நெடுந்தொலைவு அடித்துச் செல்லப்பட்டுவிடும். இதற்காக நரம்பில் சேர்க்கப்படும் எடை நெடுங்காலமாக ஈயமாகவே இருந்து வந்தது. கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம் அடர்த்தி உடையதாகையால் சிறிய உருவிலேயே போதிய கனம் கிடைப்பதும், 327 டிகிரி செல்சியஸிலேயே உருகுவதால் வார்ப்பது எளிதாவதும் அதற்குக் காரணங்கள். எனினும் அதன் மென்மையே எல்லாவற்றினும் பெரிய வசதி.

இங்கிலாந்தின் ஆறு குளங்களில் தூண்டில் போடுவோர் கையாளும் பிளவுக் குண்டு இந்த மென்மையை நம்பியே உருவானது. மிளகளவோ அதனினும் சிறிதோ ஆன உருண்டையில் நடுவரை ஒரு கீறல் இருக்கும். அதற்குள் நரம்பை வைத்து விரலால் அழுத்தினால் குண்டு பற்றிக்கொள்ளும், நகத்தால் நெம்பினால் விட்டுவிடும். வேட்டைத் துப்பாக்கியின் சன்னங்களைக் கீறிப் பயன்படுத்திய பழக்கத்தின் எச்சமாக, 0.4 கிராம் குண்டுக்கு ‘பிபி’ என்றும் 0.8 கிராம் குண்டுக்கு ‘ஏஏஏ’ என்றும் சன்னத்தின் அளவுப் பெயர்களே இன்றும் வழங்குகின்றன. அளவுக்கு மீறி அழுத்தினால் நரம்பு நசுங்கி, பெரிய மீன் இழுக்கும்போது அவ்விடத்திலேயே அறும். உலர்ந்த நரம்பின் மேல் குண்டை இழுத்து நகர்த்தினாலோ உராய்வின் சூட்டில் நைலான் வலுவிழக்கும் என்பதால், நனைத்த பிறகு நகர்த்துவதே முறை.

குண்டுகளை எங்கே வைப்பது என்பதில்தான் உண்மையான கைத்திறன் இருக்கிறது. மிதவையாகிய தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரியுமளவு மொத்த எடையைக் கூட்டுவார்கள். அப்போதுதான் இரையைக் கவ்வும் மீனுக்குத் தக்கையின் எதிர்ப்பு உறைக்காது. இரை மெதுவாக, இயல்பாக இறங்க வேண்டுமானால் சிறு குண்டுகளைச் சட்டைப் பொத்தான்கள்போல் இடைவெளி விட்டு வரிசையாக வைப்பதும், விரைவாக ஆழம் சேர வேண்டுமானால் ஒரே இடத்தில் திரட்டி வைப்பதும் வழக்கம். அடியில் மேயும் டெஞ்ச் மீனுக்கு, முள்ளுக்குச் சற்று மேலே ஒரு குண்டைத் தரையில் படியும்படி வைப்பார்கள். தலை கீழாக நின்று இரையெடுக்கும் அம்மீன் நிமிரும்போது அக்குண்டும் கூடவே உயர்வதால், பாரம் நீங்கிய தக்கை அமிழ்வதற்கு மாறாக மேலெழுந்து சாய்ந்துவிடும்.

கடலில் எடை வேறு வகையானது. நடுவில் துளையுள்ள ஓடுகுண்டுக்குள் நரம்பு தடையின்றி ஓடுவதால், மீன் இரையை இழுத்துச் செல்லும்போது குண்டின் கனத்தை உணராது. மணற்பாங்கான இடத்தில் புதைந்து நிற்கும் கூம்புக் குண்டும், பாறைகளுக்கிடையே மெல்லிய தனி நூலில் கட்டிய குண்டும் பயன்படும். பின்னது சிக்கிக்கொண்டால் அந்த நூல் மட்டும் அறுந்து, மீனும் முள்ளும் மிஞ்சும்.

எளிதில் பொருந்தும் குண்டு எளிதில் கழன்றும் விழும். ஆற்றங்கரைகளில் இவ்வாறு உதிர்ந்தவற்றை, உணவை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் இயல்புடைய அன்னப்பறவைகள் கற்களோடு சேர்த்து விழுங்கின. தசை வலிமை மிக்க அரைப்பையில் அரைபட்ட ஈயம் குருதியில் கலந்து தசைகளைச் செயலிழக்கச் செய்ததால், நிமிர்ந்து நிற்க வேண்டிய கழுத்து அடியில் மடங்கிச் சரிந்த பறவைகள் தேம்ஸ் நதியில் காணப்பட்டன. 1987 முதல் 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈய எடைகளின் விற்பனையை அரசு தடை செய்தது. அதன் பின்னர் அன்னங்களின் தொகை மீண்டும் பெருகியது.

மாற்றாக வந்த வெள்ளீயம் கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராமே உள்ளதால், அதே கனத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிய குண்டு தேவைப்படுகிறது. 19.3 கிராம் அடர்த்தியுள்ள டங்ஸ்டன் ஈயத்தையே விஞ்சுவது. ஆனால் விரலுக்குச் சற்றும் இணங்காத கடினம் உடையதாகையால், அதைத் தூளாக்கிப் பசைபோன்ற மாவில் கலந்து, நரம்பைச் சுற்றி உருட்டி ஒட்டுகிறார்கள். தடையின் இரு எல்லைகளுக்கும் வெளியே ஈயம் இன்றும் புழங்குகிறது: ஒருபுறம் கடுகினும் சிறிய துகள் குண்டுகள், மறுபுறம் கடற்பாறைகளில் நூலறுந்து தங்கிவிடும் பெரிய குண்டுகள்.