கருடனுக்கும் நாகத்துக்கும் நடுவே ஒரு வணிகன்

நயினாதீவுக் கடலில் இரண்டு பாறைகள் உண்டு. ஒன்று பாம்பு சுற்றிய கல், மற்றது கருடன் கல். நாகபூசணி அம்மனின் பூசைக்காகப் புளியந்தீவிலிருந்து வாயில் பூவைக் கவ்விக்கொண்டு நீந்திவந்த நாகத்தைக் கருடன் துரத்தியதாம். நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிரேயிருந்த கல்லில் குந்திக் காத்திருந்தது. அந்த வழியாகக் கப்பலில் போன காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் மாநாய்கன், நாகத்தை விட்டுவிடும்படி கருடனைக் கேட்டான். கருடன் சும்மா விடவில்லை. அம்மனுக்குக் கோயில் கட்டித் தருவாயா என்றது. வணிகன் சம்மதித்தான். கருடனும் பகையை விட்டுக் கடலில் மூன்று முறை மூழ்கி எழுந்து பறந்து போனது.

பேசும் பறவை, பூச்சுமக்கும் பாம்பு, கடல்நடுவே பேரம். முழுக்க முழுக்கக் கற்பனை. ஆனால் கதை சொல்லும் சேதியில் மாயம் எதுவும் இல்லை: இருவர் மோதும்போது வழிப்போக்கன் ஒருவன் நின்று, நியாயம் பேசி, அதற்கான செலவையும் தானே ஏற்கிறான். பூதம், தேவதை, மந்திரம் என்று புனையும் கலைக்கு நிஜ உலகின் வன்முறையைப் பற்றிப் பேசத் தகுதி உண்டா என்று கேட்பவர்களுக்கு, யாழ்ப்பாணத்துத் தீவுகளில் பதிலாகச் சொல்ல நிறையவே இருக்கிறது. அந்தப் பதில் ஆம் என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுவதும் இல்லை.

இதே நயினாதீவைத்தான் மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவமாகப் பலர் கருதுகிறார்கள். மணிமேகலா தெய்வம், உறங்கிக் கிடந்த மணிமேகலையைப் புகாரிலிருந்து தூக்கிவந்து இறக்கிய தீவு அது. அங்கே இருந்த மணிப்பீடிகைக்காக நாகநாட்டு அரசர் இருவர் சண்டையிட்டதைச் சீத்தலைச் சாத்தனார் சொல்கிறார். பீடிகையை இருவராலும் பெயர்த்தெடுக்க முடியவில்லை, விட்டுப்போகவும் மனமில்லை. இரு படைகளும் மோதின. அப்போது புத்தர் அங்கே வந்து, இது என்னுடையது, உங்கள் போரை விடுங்கள் என்று சொல்லி, அதன்மேல் அமர்ந்து அறம் உரைத்தார்.

மகாவம்சத்திலும் இதே கதை வருகிறது. அங்கே மோதுகிறவர்கள் மாமனும் மருமகனும். பெயர் மகோதரன், சூளோதரன். பொருள் ஓர் இரத்தின சிம்மாசனம். போர்க்களத்துக்கு மேலே வானில் தோன்றும் புத்தர், முதலில் இருளைப் பரப்பி நாகர்களை நடுங்க வைக்கிறார். பிறகு ஒளியைக் காட்டித் தேற்றுகிறார். நாகர்கள் சிம்மாசனத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறார்கள். களனி விகாரைச் சுவரில் ஓவியர் சோலியஸ் மெண்டிஸ் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தீட்டிய சித்திரங்களில் இந்தச் சமாதானக் காட்சிக்கும் இடமுண்டு.

ஒரே கதைதான், ஆனால் சண்டை நிற்கும் விதம் வேறு. மகாவம்சத்தில் அச்சம் முதலில் வருகிறது, அறம் பின்னால் வருகிறது. மணிமேகலையில் பேச்சே போதுமாக இருக்கிறது. அதைவிட முக்கியமானது, சாத்தனார் பீடிகையோடு கதையை நிறுத்தாமல் போவதுதான். பக்கத்திலிருக்கும் கோமுகிப் பொய்கையிலிருந்து அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வருகிறது. அவள் புகாருக்குத் திரும்பிப் பசித்தவர்களுக்குச் சோறிடுகிறாள். அரசனிடம் வேண்டி, சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுகிறாள். போர் ஓய்ந்த இடத்தில் சோற்றுப் பாத்திரம் கிடைக்கிறது. அந்தப் பாத்திரம் போன ஊரில் சிறை திறக்கிறது. சண்டை வேண்டாம் என்பதோடு நில்லாமல், அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் கற்பனைதான் இங்கே யோசித்துப் பார்க்கிறது.

உலகில் வேறிடங்களிலும் இந்த வழியில் போனவர்கள் உண்டு. ஸ்பானிய ஓவியர் கோயா, நெப்போலியன் படையெடுப்பின் கொடுமைகளை ‘போரின் பேரழிவுகள்’ என்ற 82 செதுக்கோவியங்களாக 1810க்கும் 1820க்கும் இடையில் உருவாக்கினார். தூக்கிலிடப்பட்டவர்கள், பட்டினியில் செத்தவர்கள், வெட்டப்பட்ட உடல்கள் என்று கண்ணால் கண்டது போல வரைந்துகொண்டே போனவர், கடைசிப் பகுதியில் திடீரென்று கற்பனைக்குத் தாவுகிறார். அவற்றில் ஒன்றில், காதுகளின் இடத்தில் வௌவால் சிறகும் விரல்களில் விலங்கின் கூர்நகமும் கொண்ட ஒருவன் பெரிய புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறான். கொலையை நேராக வரையலாம். கொலையைச் சட்டமாக எழுதிவைப்பவனின் உள்ளத்தை எப்படி வரைவது? அதற்கு வௌவால் சிறகு வேண்டியிருந்தது. கோயா 1828இல் இறந்தார். படங்கள் தொகுப்பாக வெளிவந்தது 1863இல்.

ஜப்பானின் ஹயாவோ மியாசாகி 1997இல் எடுத்த ‘பிரின்சஸ் மோனோனோகே’ அசைபடத்தில், உடலில் பாய்ந்த இரும்புக் குண்டின் வேதனையால் காட்டுப்பன்றித் தெய்வம் ஒன்று பேயாக மாறுகிறது. அதைக் கொல்லும் இளைஞன் அஷிதாகாவின் கையில் சாபம் ஒட்டிக்கொள்கிறது. கோபம் வரும்போதெல்லாம் அந்தக் கைக்கு அசுர பலம் வரும்; கூடவே தழும்பும் பரவும். வன்முறை பலம் தருவதும் உயிரை அரிப்பதும் ஒன்றுதான் என்பதை ஒரு கையை வைத்தே காட்டிவிடுகிறார். ஓநாய்களோடு வளர்ந்த சானும் இரும்பு நகரத்தின் தலைவி எபோஷியும் ஒருவரையொருவர் கொல்லப் பாயும்போது அவன் நடுவில் வந்து நிற்கிறான். நயினாதீவு வணிகன் நின்ற இடமும் அதுதான்.

இனி மறுபக்கம். அதே மாநாய்கன் இன்னொரு கதையிலும் வருகிறான். அதன் களம் நெடுந்தீவு. மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்படும் கண்ணகி வழக்குரையில் கடலோட்டு காதை என்று ஒரு பகுதி உண்டு. மகள் கண்ணகியின் சிலம்புக்குப் பரலிட நாகமணி வேண்டுமென்று, மாநாய்கன் மீகாமனைக் கப்பல்களோடு அனுப்புகிறான். நெடுந்தீவில் ஆண்ட வெடியரசன் வழி மறிக்கிறான். கடற்போர் மூள்கிறது. தீவின் மேற்குப் பக்கத்துக் கற்சிதைவுகளை ஊரார் இன்றும் வெடியரசன் கோட்டை என்கிறார்கள்.

பாடலாகக் கேட்கும்போது இது வீரக் கதை. யார் எய்தார், யார் வீழ்ந்தார் என்பதில்தான் கேட்பவரின் மனம் லயிக்கும். ஆனால் சிலப்பதிகாரத்தோடு சேர்த்து யோசித்தால் வேறொன்று தெரியும். இத்தனை உயிரைக் குடித்து வந்த மணி எந்தச் சிலம்புக்குள் போனதோ, அதே சிலம்புதான் மதுரையில் கோவலன் தலையை வாங்குகிறது. அரண்மனையில் உடைந்து நகரத்தையே எரிக்கிறது. கதையின் இந்த இரு முனைகளையும் முடிச்சுப் போட்டுச் சொல்பவர் கையில் அது போருக்கு எதிரான கதை. முதல் முனையை மட்டும் சொல்பவர் கையில் பரணி. கற்பனைக் கலையின் பலவீனம் இதுதான்: வாளுக்கு ஒளியூட்டுவதும் அதற்கு மிகச் சுலபம்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஊரார் கோட்டை என்று சொல்லும் அந்தச் சிதைவுகளைத் தொல்லியல் திணைக்களம் பௌத்த தூபிகளின் எச்சம் என்கிறது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. இனக்கலவர காலங்களில் இரண்டு தலங்களுக்கும் நிம்மதி இருக்கவில்லை. அங்கே பெரிய புத்தர் சிலை எழுப்பும் திட்டம் 2016இல் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. தீவை நயினாதீவு என்பதா, நாகதீப என்பதா என்பதும் சர்ச்சையாகிக் கிடக்கிறது. ஓர் ஆசனத்துக்காகச் சண்டை பிடிக்காதே என்று சொன்ன கதையையே அந்த ஆசனத்தின் உறுதிப்பத்திரமாகத் தூக்கிப் பிடித்தால், நாகராசாக்கள் விட்ட இடத்தில் மனிதர் தொடங்குகிறார்கள். கதையின் தவறல்ல இது. ஆனாலும் கதையால் இதைத் தடுக்க முடியவில்லை.

கற்பனை எட்டாத இடமும் இந்தக் கடலிலேயே இருக்கிறது. 1985 மே 15ஆம் தேதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குறைந்தது 23 பேர் இறந்தனர். உள்ளூர்க் கணக்கு அதைவிட அதிகம். கடற்படையினர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அந்தக் கடலில் இடைமறித்துப் பேச ஒரு மாநாய்கன் வரவில்லை. அதே படகு பழுது பார்க்கப்பட்டுப் பின்னரும் பல ஆண்டுகள் நெடுந்தீவு மக்களை ஏற்றி இறக்கியது. ஆண்டுதோறும் மே 15இல் நெடுந்தீவில் நினைவேந்தல் நடக்கிறது. அங்கே தேவைப்படுவது உருவகம் அல்ல. பெயர், திகதி, சாட்சியம். கொலையைக் கருடன் கதையாக்கினால் கொலையாளிக்கு முகம் இல்லாமல் போய்விடும்.

அப்படியென்றால் உண்மையான வன்முறை நடந்து முடிந்த பிறகு கற்பனைக்கு வேலையே இல்லையா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். 2011இல் வெளியான அவரது ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ நூலில், இடம்பெயர்ந்தவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து தாங்களே வரைந்த தளப்படங்கள் இருக்கின்றன. கிணறு எங்கே, அடுப்படி எங்கே, எந்த மரம் எந்த மூலையில் என்று கோடு சொல்கிறது. அவற்றை ஒட்டிச் சனாதனன் தீட்டிய படங்கள் அளவுகோலுக்குள் அடங்காதவை. நூல் அரச அலுவலகக் கோப்பின் வடிவில் இருக்கிறது. சாட்சியம் ஒரு பக்கம், கனவு மறுபக்கம்; ஒன்றின் வேலையை மற்றொன்று பறிப்பதில்லை.

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா இன்னும் ஒரு படி போனது. யேசுசபைக் குருவான பால் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் பால் ஹோகனும் அதன் பின்னால் இருந்தார்கள். போர் தொட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாக வந்தார்கள். உனக்கு என்ன நடந்தது என்று அவர்களைக் குடைந்து கேட்பது அங்கே வழக்கமில்லை. களிமண்ணும் நிறமும் முகமூடியும் கொடுக்கப்பட்டன. பிள்ளைகள் தங்களுக்குள் கதை கட்டினார்கள். தன் ஊரில் நடந்ததைச் சொல்ல வாய் வராத பிள்ளை, ஒரு பூதத்துக்கு நடந்ததாக அதைச் சொல்லலாம். பக்கத்திலிருக்கும் பிள்ளை மற்றச் சமூகத்தைச் சேர்ந்தது. அந்தப் பூதத்தை அடுத்து என்ன செய்வது என்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும்.